கெமிஸ்ட்ரியில் சி பிளஸ் வாங்கிய பெண்ணுக்கு நல்ல கல்லூரி கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு. 9ஆம் வகுப்பு பயாலஜியில் பி மைனஸ், 10ஆம் வகுப்பு ஹானர்ஸ் கெமிஸ்ட்ரியில் சி பிளஸ், இந்த வருஷம் ஃபிசிக்ஸில் அரையாண்டு வரை பி. இங்கிலீஷ், ஹிஸ்டரி, ஸ்பானிஷ் எல்லாம் ஏ. கணக்கு ஏ மைனஸ். காலேஜில் பொருளாதாரம் படிக்க ஆசைப்படுகிறாள். பெரிய கல்லூரிகளை மறந்துவிட வேண்டியதுதானா? கோடையில் பணம் கட்டி ஒரு பயாலஜி ரிசர்ச் புரோகிராமில் சேர்த்து, ஒரு பேப்பரும் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். 12ஆம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறோம்.

பதில்:

நான் இதே நியூஜெர்சியில் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் பதினெட்டு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவள். நிறைய பேருக்கு சி பிளஸ் போட்டிருக்கிறேன். அதில் சிலருக்கு அடுத்த வருஷமே கல்லூரிக்கு சிபாரிசுக் கடிதமும் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கசப்பான பகுதி. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், பிரின்ஸ்டன், எம்ஐடி மாதிரி நூறில் ஐந்து பேருக்குக்கூட இடம் தராத கல்லூரிகள், எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளைகளையே ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்புகின்றன. அங்கே இந்த சி பிளஸ் நிச்சயமாக இடிக்கும். அவற்றில் ஒன்றிரண்டுக்கு விண்ணப்பிக்கலாம், நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். அதற்கு அடுத்த வரிசையில் ஐம்பது அறுபது அருமையான கல்லூரிகள் இருக்கின்றன. பொருளாதாரம் படிக்கப் போகிற பெண்ணுக்கு, 10ஆம் வகுப்பு கெமிஸ்ட்ரியால் மட்டும் அந்தக் கதவுகள் மூடாது.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாமெல்லாம் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கணக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. கெமிஸ்ட்ரியில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை மார்க் போகும், ரேங்க் எங்கோ போகும். இங்கே அப்படி யாரும் கூட்டிக் கழித்து வரிசை போடுவதில்லை. டிரான்ஸ்கிரிப்டோடு, அதாவது ஹைஸ்கூல் மார்க் பட்டியலோடு சேர்த்து உங்கள் பள்ளியின் கவுன்சிலர் 'ஸ்கூல் புரொஃபைல்' என்று ஒன்று அனுப்புவார். பள்ளியில் என்னென்ன ஏபி (கல்லூரித் தரத்தில் நடத்துபவை), ஹானர்ஸ் (வழக்கமானதைவிடக் கடினமானவை) பாடங்கள் இருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். அட்மிஷன் ஆபீசில் இருப்பவர் உங்கள் மகளின் பாடங்களை அதோடு வைத்துப் பார்க்கிறார். இந்தப் பள்ளியில் கிடைத்த கஷ்டமான பாடங்களை எடுத்தாளா, எடுத்ததில் எப்படிச் செய்தாள், வருஷா வருஷம் மேலே போகிறாளா கீழே போகிறாளா, எங்களிடம் வந்து படிக்கப் போகும் பாடத்தைத் தாங்குவாளா? பொருளாதாரத்துக்குக் கால்குலஸும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும்தான் முதுகெலும்பு. அவளுடைய கணக்கு ஏ மைனஸ் உங்கள் கண்ணில் படவே இல்லை, கெமிஸ்ட்ரியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இதே பெண் கெமிக்கல் இன்ஜினியரிங் கேட்டிருந்தால் நான் எழுதுகிற பதில் வேறாக இருக்கும்.

சரி, என்ன செய்வது? எதற்கும் முன்னால், அந்த சி பிளஸ் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். "கெமிஸ்ட்ரி அவளுக்கு வராது" என்பது பெற்றோர் சொல்லும் காரணம். நான் பார்த்த வரையில் பாதிக்குப் பாதி அது காரணமே இல்லை. பவர்ஸ்கூல் மாதிரி உங்கள் பள்ளிக்கு ஒரு போர்ட்டல் இருக்கும். போன வருஷ மார்க்கை அதில் திறந்து, டெஸ்ட் எவ்வளவு, லேப் எவ்வளவு, ஹோம்வொர்க் எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். லேப் ரிப்போர்ட்டுக்கு மொத்தத்தில் 20 சதவீதம் என்று வையுங்கள். வருஷத்துக்கு பத்து லேப் என்றால் ஒவ்வொன்றும் 2 மார்க். மூன்றை எழுதிக் கொடுக்காமல் விட்டால் 6 மார்க் காலி. 83 வாங்க வேண்டிய பெண் 77இல் நிற்பாள், பி போய் சி பிளஸ் ஆகிவிடும். அறிவியல் புரியாமல் அந்த ஆறு மார்க் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூக்கத்தில் போயிருக்கிறது. என் வகுப்பில் இப்படிப்பட்ட பூஜ்யங்கள்தான் அதிகம். அந்தப் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை.

டெஸ்டிலேயே மார்க் குறைந்திருந்தால், எந்த மாதத்திலிருந்து குறைந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மோல் நடத்துகிற இடத்தில் வண்டி நின்றிருக்கும். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கடையில் யாரும் அரிசியை எண்ணி வாங்குவதில்லை, எடை போட்டு வாங்குகிறோம். அணுவையும் மூலக்கூறையும் எண்ண முடியாது என்பதால் எடை போட்டு எண்ணிக்கையைத் தெரிந்துகொள்கிறோம். 18 கிராம் தண்ணீர் என்றால் ஒரு மோல், அவ்வளவுதான். இது மனசில் உட்காராமல் அடுத்த பாடத்துக்குப் போன பிள்ளைக்கு அதற்குப் பிறகு வருகிற சமன்பாடு, கரைசல், வாயு எல்லாமே மந்திரம் மாதிரி இருக்கும். இந்த வருஷ ஃபிசிக்ஸிலும் அதே கோளாறு வேறு உருவத்தில் வரும். யூனிட் மாற்றுவது, விகிதம் போடுவது, ஒரு சூத்திரத்தில் தெரியாததைத் தனியாகப் பிரித்து எடுப்பது, இந்த மூன்றும்தான் இரண்டு பாடத்துக்கும் பொது. இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை இதில் மட்டும் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும். முழுப் புத்தகத்தையும் மறுபடி நடத்துகிற ஆளைப் பிடிக்க வேண்டாம்.

வீட்டில் ஏதாவது நடந்ததா, உடம்பு சரியில்லையா, கவனம் ஒரு இடத்தில் நிற்பதே கஷ்டமாக இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடு மாதிரி ஒன்று இருந்து, மற்ற பாடங்களில் கெட்டிக்காரத்தனத்தால் சமாளித்துக்கொண்டு வந்த பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படிகள் அதிகமுள்ள பாடம் வரும்போதுதான் அது வெளியே தெரியும். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் கன்சல்டன்டை விட்டுவிட்டு டாக்டரையும் பள்ளி கவுன்சிலரையும் பாருங்கள்.

அடுத்தது 12ஆம் வகுப்புக்கு எந்த அறிவியல் என்பது. இது அவசரம், ஏனென்றால் பாடம் தேர்வு செய்கிற படிவம் பல பள்ளிகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே வந்துவிடும். வீடுகளில் நான் பார்க்கிற முதல் தப்பு, "போதும்டா சாமி" என்று 12இல் அறிவியலையே விட்டுவிடுவது. நியூஜெர்சியில் பட்டம் வாங்க மூன்று வருஷ அறிவியல் போதும்தான், ஆனால் நீங்கள் மனசில் வைத்திருக்கிற தரத்துக் கல்லூரிகள் நான்கு வருஷத்தை எதிர்பார்க்கும். விட்டுவிட்டால், ஓடிவிட்டாள் என்றுதான் அந்த டிரான்ஸ்கிரிப்ட் சொல்லும். இரண்டாவது தப்பு அதற்கு நேர்மாறு: நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஏபி கெமிஸ்ட்ரியில் குதிப்பது. முதல் வருஷக் கெமிஸ்ட்ரியே ஆடுகிற பிள்ளைக்கு அது இரண்டாவது சியை வாங்கிக் கொடுக்கும். என் கணக்கில் அவளுக்கு ஏபி பயாலஜி சரியாக இருக்கும். கனமான பாடம், அதே சமயம் நிறைய வாசிக்கவும் எழுதவும் வேண்டிய பாடம், அதில்தான் அவள் கெட்டிக்காரி. கெமிஸ்ட்ரியும் கொஞ்சம் உள்ளே வரும் என்பதால் பழைய மார்க்குக்கு நேரடியான பதிலாகவும் இருக்கும். ஏபி என்விரான்மென்டல் சயன்ஸ் எடுத்தாலும் பாவமில்லை. பொருளாதாரத்தோடு ஒட்டி வரும், ஆனால் 'லேசான ஏபி' என்ற பெயர் அதற்கு உண்டு. ஏபி பயாலஜியில் பி பிளஸ் வரும் என்று தோன்றினால் அதை எடுக்கட்டும். அதுவும் சந்தேகம் என்றால் என்விரான்மென்டலில் ஏ வாங்கட்டும்.

ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிப்பதில்லை. ஏபி பரீட்சை மே மாதம், ரிசல்ட் ஜூலையில். 12இல் எழுதுகிற ஏபியில் உச்ச மார்க்கான 5 வாங்கினாலும் அதற்குள் அட்மிஷன் முடிந்திருக்கும். உதவப் போவது 12ஆம் வகுப்பின் முதல் பாதி கிரேடு. அதைப் பள்ளி 'மிட்-இயர் ரிப்போர்ட்' என்று ஜனவரி பிப்ரவரி வாக்கில் அனுப்பும். எர்லி டிசிஷன் என்கிற முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1 வாக்கிலேயே விண்ணப்பித்துவிட்டால் அவள் ஏறி வந்ததில் பாதி அவர்கள் கண்ணில் படாது, 11ஆம் வகுப்பு வரைதான் தெரியும். இன்னொரு பக்கம், கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் பல கல்லூரிகளில் அந்தச் சுற்றில் வாய்ப்பு கூடுதல். ஃபிசிக்ஸ் ஜூனில் பி பிளஸ் அல்லது ஏ மைனஸில் முடிந்தால் எர்லி போடலாம். பி மைனஸுக்கு இறங்கினால் ரெகுலர் சுற்றுக்குக் காத்திருந்து, 12ஆம் வகுப்பு மார்க்கையும் பார்க்க விடுவதுதான் புத்தி. ஆகவே இந்த அரையாண்டு ஃபிசிக்ஸ்தான் இப்போது வீட்டில் பெரிய வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு காலத்தில் இதற்குக் குறுக்கு வழி ஒன்று இருந்தது. பள்ளியில் சி வாங்கினாலும் எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட் என்கிற தனிப்பாடப் பரீட்சையில் கெமிஸ்ட்ரி எழுதி 800க்கு 750 வாங்கினால் வாயை அடைத்துவிடலாம். 2021இல், எஸ்ஏடியை நடத்துகிற காலேஜ் போர்டு அதை நிறுத்திவிட்டது. எஸ்ஏடி மாதிரியே கல்லூரி அட்மிஷனுக்கு எழுதுகிற ஏசிடி பரீட்சையில் இருந்த சயன்ஸ் பகுதியும் 2025இலிருந்து விருப்பம் இருந்தால் எழுதலாம் என்றாகிவிட்டது. எஸ்ஏடியில் வாசிப்பும் கணக்கும்தான். ஆனால் உங்கள் மகளுக்கு அந்தக் கணக்கு மார்க் பெரிய ஆயுதம். எம்ஐடி 2022இலேயே எஸ்ஏடி அல்லது ஏசிடி வேண்டும் என்று மறுபடி சொல்லிவிட்டது. ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன் எல்லாம் 2024இல் அதே வழிக்கு வந்தன. கணக்குப் பகுதியில் 800க்கு 760, 770 என்று வந்தால் "எண்ணைக் கண்டால் பயப்படுகிறவள் இல்லை" என்று அது சொல்லிவிடும்.

கோடையில் கவுன்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருஷக் கல்லூரி) ஒரு கெமிஸ்ட்ரி கோர்ஸ் எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல வழிதான், ஜாக்கிரதையாக. பதினைந்து வாரப் பாடத்தை ஆறு வாரத்தில் ஓட்டுவார்கள். வருகிற கிரேடு நிரந்தரமான கல்லூரி ரெக்கார்ட். நாளைக்கு மனசு மாறி மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தால், ஹைஸ்கூலில் எடுத்த கல்லூரிப் பாடத்தையும் காட்டித்தான் ஆக வேண்டும். அவளே ஆசைப்பட்டால் மட்டும் செய்யுங்கள்.

இப்போது கன்சல்டன்ட் சொன்ன விஷயம். வேண்டாம். பணம் கட்டினால் பேப்பரில் பெயர் வரும் என்கிற புரோகிராம்கள் எத்தனை என்று அட்மிஷன் ஆபீசில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதைவிட மோசம், பயாலஜியில் பி மைனஸ் வாங்கிய, பொருளாதாரம் படிக்கப் போகிற பெண் எதற்காக பயாலஜி பேப்பர் எழுதினாள் என்று படிக்கிறவர் புருவத்தைத் தூக்குவார். மறைக்கப் போய் அந்த மார்க்குக்கு நீங்களே விளக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கோடையில் அவள் ஒரு கடையில் வேலை பார்க்கட்டும், அங்கே விலை எப்படி வைக்கிறார்கள் என்று கவனிக்கட்டும். பொருளாதாரத்துக்கு அது எவ்வளவோ மேல். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ள அவ்வளவு கெத்தாக இருக்காது, வாஸ்தவம்தான்.

மார்க்கைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதலாமா என்றும் அடுத்து கேட்பீர்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் 650 வார்த்தைக் கட்டுரை ஒன்று இருக்கிறது. அதில் கெமிஸ்ட்ரியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அந்த இடம் அவளுடையது, சி பிளஸுக்கு வாடகைக்கு விடக்கூடாது. தனியாகச் சவால்கள், சூழ்நிலைகள் பற்றி எழுத 250 வார்த்தையும், கூடுதல் தகவலுக்கு 300 வார்த்தையும் தருகிறார்கள். அதிலும் உண்மையான காரணம் இருந்தால் மட்டும் எழுத வேண்டும், மூன்று நான்கு வரியில். "10ஆம் வகுப்பு அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், தம்பியை நான் பார்த்துக்கொண்டேன். அந்த மாதங்களின் லேப் ரிப்போர்ட்டுகளைக் கொடுக்க முடியவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு எல்லாவற்றையும் கொடுத்தேன், அதன் பிறகு ஃபிசிக்ஸில் என் மார்க் இது." இப்படி என்ன நடந்தது, என்ன செய்தாள், பிறகு என்ன ஆனது என்று முடித்துவிட வேண்டும். டீச்சர் சரியில்லை என்று மட்டும் எழுதக் கூடாது. நிஜமாகவே நான் சரியில்லாத வருஷங்கள் இருந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதே வகுப்பில் ஏ வாங்கிய பிள்ளையின் விண்ணப்பமும் அதே மேஜைக்குத்தான் வரும். சொல்லும்படி காரணம் ஒன்றும் இல்லை, சோம்பல்தான் என்றால் எதுவும் எழுத வேண்டாம். அடுத்த வருஷ மார்க் பேசட்டும்.

இதே விஷயத்தைக் கவுன்சிலர் சொன்னால் இன்னும் எடுபடும். கடிதம் எழுதுவதற்காகப் பெற்றோரிடம் ஒரு படிவம் கேட்பார்கள், 'பிராக் ஷீட்' என்பார்கள். நம்மவர்கள் அதில் பரதநாட்டிய அரங்கேற்றத்தையும் ஸ்பெல்லிங் பீயையும் நிரப்பி அனுப்பிவிடுவார்கள். 10ஆம் வகுப்பில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு அவள் என்ன மாற்றிக்கொண்டாள் என்பதை எழுத அதுதான் சரியான இடம்.

சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி ஒரு பழைய கதை. முதல் பாதியில் சி மைனஸ் வாங்கிய ஒரு பெண், பிப்ரவரியிலிருந்து தினமும் லஞ்ச் நேரத்தில் என் அறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். டைட்ரேஷன் லேபில் ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விடும்போது நிறம் வெளிர் ரோஜாவில் நிற்க வேண்டும். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று போய்விடும். ஐந்து தடவை செய்தாள். நான் போதும் என்றேன், அவள் ஆறாவது தடவை செய்தாள். வருஷக் கடைசியில் பி தான். அவளுக்கு நான் எழுதிய கடிதம், அந்த வருஷம் ஏ பிளஸ் வாங்கியவர்களுக்கு எழுதியதைவிட நீளம், ஏனென்றால் எழுத என்னிடம் விஷயம் இருந்தது. சும்மா இருந்தே ஏ வாங்குகிற பிள்ளைகளைப் பற்றி என்னத்தை எழுதுவது? ஆகவே ஃபிசிக்ஸ் டீச்சரிடம் இந்த வருஷம் அடிக்கடி போய் நிற்கச் சொல்லுங்கள், கடிதத்துக்காக இல்லாமல் சந்தேகத்துக்காக. ஜூன் மாதம் அவரிடம் கடிதம் கேட்பதா, இங்கிலீஷ் டீச்சரும் கணக்கு டீச்சரும் போதுமா என்பதை அப்போது அவளே முடிவு செய்வாள்.

கல்லூரிப் பட்டியல் போடும்போது யூடியூப் வீடியோக்களைக் கேட்காதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்று ஒரு அறிக்கையைப் போடுகின்றன. கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்ற பகுதியில், பாடங்களின் கடினம், ஜிபிஏ (சராசரி கிரேடு), டெஸ்ட் மார்க், கட்டுரை, சிபாரிசு, நேர்முகம் ஒவ்வொன்றும் தங்களுக்கு மிக முக்கியமா, முக்கியமா, பார்ப்போமா, பார்க்கவே மாட்டோமா என்று அவர்களே கட்டம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். கட்டுரைக்கும் சிபாரிசுக்கும் 'மிக முக்கியம்' என்று போட்டிருக்கிற கல்லூரி உங்கள் மகளுக்கு ஏற்றது. ஜிபிஏவை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் அவளுடைய எழுத்து வீணாகும்.

பல துறைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கிற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை நம்மவர்கள் பெயர் தெரியாது என்பதற்காகவே ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. போடன் கல்லூரி 1969லேயே டெஸ்ட் மார்க் கட்டாயமில்லை என்று சொன்ன இடம். ஸ்மித், பிரின் மார், மவுன்ட் ஹோலியோக் போன்ற பெண்கள் கல்லூரிகள் விண்ணப்பத்தை முழுசாக உட்கார்ந்து படிக்கும். பிரின் மார் உங்களுக்குப் பக்கம்தான், பிலடெல்பியாவைத் தாண்டினால் வந்துவிடும், ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏ கணக்கில் 9ஆம் வகுப்பு கிரேடைச் சேர்ப்பதில்லை, எஸ்ஏடியைப் பார்ப்பதும் இல்லை. ஆனால் உங்களுக்கு அடிபட்டது 10இல், வெளிமாநிலக் கட்டணமும் தலை சுற்றும், அதனால் அங்கே பெரிய லாபம் இல்லை. சி வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்து மாற்றுவதையும் அவர்கள் ஏற்பதில்லை, டி, எஃப் வாங்கினால்தான் அந்தச் சலுகை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏபி மார்க்கையும் எடுக்கப் போகும் பாடத்தையும் பார்ப்பவை. ஏபி கால்குலஸ் பிசியில் 5 வாங்குகிற பிள்ளையிடம் கெமிஸ்ட்ரியைப் பற்றி அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள். நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸைப் பட்டியலின் அடியில் வைத்துவிடுங்கள், 'சேஃப்டி' (வேறு எதுவும் கிடைக்காவிட்டால் கைகொடுக்கும் இடம்) என்று முகம் சுளிக்காமல். அங்கே பொருளாதாரம் நன்றாகவே நடக்கிறது.

கடைசியாகப் பள்ளி மாற்றுவது. செய்யாதீர்கள். பழைய கிரேடு எல்லாம் புதுப் பள்ளிக்கும் பின்னாலேயே வரும், ஒன்றும் அழியாது. கூட வராதவர்கள், மூன்று வருஷமாக அவளைத் தெரிந்த கவுன்சிலரும் இந்த வருஷ டீச்சர்களும்தான். செப்டம்பரில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்க்கிற ஒருவர் அக்டோபரில் அவளைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்?